போத்தல் ஊத்தினா எஞ்சின் திருந்துமா? (விட்ஸ், கேடிஎச், த்ரீவீல் எல்லாத்துக்கும்)

கொட்டகலை_விட்ஸ்

டொயோட்டா விட்ஸ் 1000, 1கேஆர் எஞ்சின், 94,000 கிலோமீற்றர் ஓடியிருக்கு. 92 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்கிறது. காலையில ஸ்டார்ட் பண்ணினா ரெண்டு மூணு நிமிஷம் ஐடில் (எக்ஸிலரேட்டர் மிதிக்காம ஓடுறது) ஆடுது, சூடானதும் அடங்குது. லீற்றருக்கு 15 ஓடினது இப்ப 13. எஞ்சின் லைட் எரியல. ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில மூணு போத்தல் காட்டினாங்க: இன்ஜெக்டர் கிளீனர், ஒக்டேன் பூஸ்டர், டேங்க்ல தண்ணி எடுக்கிறது ஒண்ணு. எதை, எவ்வளவு ஊத்தணும்? இல்ல 95க்கு மாறினாப் போதுமா?

டிக்கோயா_2கேடி

தம்பி, மூணு போத்தலும் மூணு வியாதிக்கு. உங்க வண்டிக்கு எந்த வியாதின்னு இன்னும் யாருக்கும் தெரியாது. மைலேஜ் குறைவுக்கு முதல்ல டயர் காத்தைப் பாருங்க, சிரிக்காதீங்க. அடுத்து எயார் ஃபில்டர், பிளக்.

அதுக்குப் பிறகு எஞ்சின் கம்பியூட்டரை வாசிக்கிற ஒரு சின்ன ஓபிடி ஸ்கேனர், புளூடூத்ல போனோட சேர்றது, யார்கிட்டயாவது வாங்கி மாட்டுங்க. எஞ்சின் நல்லா சூடானதும் ‘லோங் டேர்ம் ஃபியூல் ட்ரிம்’னு ஒரு எண் வரும். கம்பியூட்டர் கணக்குக்கு மேல எவ்வளவு பெற்றோல் கூட்டியோ குறைச்சோ கொடுக்குதுன்னு அந்த எண் சொல்லும். ±5 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது, 10ஐத் தாண்டினா எங்கயோ கோளாறு. லைட் எரியிறதுக்கு ரொம்ப முன்னமே இது காட்டிக்கொடுத்துடும்.

ஒரே இடத்துல வச்சுப் பார்க்காதீங்க. ஐடில்ல ஒரு தடவை, நிப்பாட்டி வச்சு 2,500 ஆர்பிஎம்ல ஒரு தடவை, ஏத்தத்துல இழுக்கும்போது ஒரு தடவை (பக்கத்துல இருக்கிறவர் பார்க்கட்டும், ஓட்டுறவர் பார்க்கக் கூடாது). ஐடில்ல கூடி 2,500ல குறைஞ்சா வெளிக்காத்து எங்கயோ உள்ளே போகுது. லோட் ஏற ஏற எண்ணும் ஏறினா பெற்றோல் வரத்துல குறை: பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கூடி இருந்தா எயார் ஃப்ளோ சென்சர் அழுக்கா இருக்கலாம். போத்தல் வேலை செய்யக்கூடிய இடம் இதுல ரெண்டாவது மட்டும்தான், அதுலயும் பாதி.

பதுளை_கெமிஸ்ட்ரி

ஒக்டேன் பூஸ்டரை முதலில் மேசையிலிருந்து எடுத்துவிடுவோம். ஒக்டேன் என்பது பெற்றோல் நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் (அந்த வெடிப்புத்தான் நொக்கிங்) தாங்கும் அளவு. ‘30 பொயிண்ட் கூடும்’ என்று போத்தலில் அச்சடித்திருப்பார்கள். ஒரு பொயிண்ட் என்பது 0.1. அதாவது 92 பெற்றோல் 95 ஆகும், 122 ஆகாது. அந்த 3ஐ பெற்றோல் செட்டிலேயே 95 அடித்து வாங்கிக்கொள்ளலாம்.

அந்த 3ம் இந்த வண்டிக்குத் தேவையா என்பது அடுத்த கேள்வி. ஜப்பானில் ‘ரெகுலர்’ என்று விற்கும் பெற்றோலின் குறைந்தபட்ச ஒக்டேன் 89. விட்ஸ், அக்வா, வேகன்ஆர் எல்லாம் அதற்கென்றே செய்தவை. நம்முடைய 92 அதற்கு மேலே நிற்கிறது. போதாததற்கு நாம் மலையில் இருக்கிறோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம். டர்போ இல்லாத எஞ்சின் இழுக்கும் காற்று குறையும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைகிறது, நொக்கிங் வரும் வாய்ப்பும் குறைகிறது. மலை ஏற 95 வேண்டும் என்று சொல்வது தலைகீழ்ப் பாடம்.

95 வேண்டியவர்களும் இருக்கிறார்கள். எரிபொருள் மூடியின் உட்புறம் ‘குறைந்தது 95’ என்று எழுதியிருக்கும் ஐரோப்பிய வண்டிகள், டர்போ பெற்றோல் வண்டிகள். அவர்கள் தயங்காமல் 95 அடிக்கட்டும். 92ம் 95ம் ஒரே டேங்கில் கலந்தால் ஒன்றும் ஆகாது, இடைப்பட்ட ஓர் எண் கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று: சில பூஸ்டர்களில் எம்எம்டி என்ற மங்கனீசுச் சேர்மம் இருக்கும். தொடர்ந்து ஊற்றினால் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் செங்கல் நிறத்துக்கு மாறும். அதே படிவு ஒக்சிஜன் சென்சரிலும் புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிடிக் கன்வேர்ட்டரிலும் ஏறும்.

ஊவா_கராஜ்

இன்ஜெக்டர் கிளீனர் பொய் இல்ல, ஆனா வாங்கும்போது லேபலைத் திருப்பிப் படிங்க. ‘பொலிஈதர் அமீன்’, சுருக்கமா பிஈஏ, இருந்தா வாங்கலாம். எரியற சூட்டுலயும் சிதையாம நின்னு கரியைக் கழட்டக்கூடியது அது. வெறும் ‘பெற்றோலிய வடிப்பு’ன்னு மட்டும் இருந்தா, மண்ணெண்ணெய்க்குக் கலர் ஊத்தி வித்த மாதிரி.

அளவு: போத்தல்ல 300 மில்லி 75 லீற்றருக்குன்னு இருந்தா, விட்ஸோட 42 லீற்றர் டேங்குக்கு 168 மில்லிதான் வரும். மிச்சத்தை மூடி வச்சு அடுத்த தடவைக்கு. கூட ஊத்தினா கூட சுத்தமாகும்னு நினைக்காதீங்க. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியா எஞ்சின் ஒயிலுக்குள்ள இறங்கும். அதனாலதான் ஒயில் மாத்த 500, 600 கிலோமீற்றர் இருக்கும்போது இதைச் செய்யச் சொல்றது.

முறை இதுதான். டேங்க் கால்வாசிக்கு இறங்கட்டும். செட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல போத்தலை ஊத்துங்க, பிறகு ஃபுல் டேங்க் அடிங்க, விழுற வேகத்துலயே கலந்துடும். அதுக்குப் பிறகு அந்த டேங்க் திரும்பக் கால்வாசிக்கு இறங்குற வரை இடையில டொப்-அப் பண்ண வேண்டாம். டவுனுக்குள்ள ரெண்டு கிலோமீற்றர் ஓடி ஓடி நிப்பாட்டுற வண்டிக்கு இது பிரயோசனம் இல்ல. கித்துல்கலையில இருந்து கினிகத்தேனை வழியா ஹட்டன் வரை ஒரே மூச்சுல ஏறுற மாதிரி ஓட்டம் ஒண்ணு ரெண்டு வேணும். வருஷத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல தேவையே இல்ல.

ஒரு எச்சரிக்கை. பல வருஷம் டேங்க் கழுவாத வண்டி, 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுல க்யூ நின்ன காலத்துல பிளாஸ்டிக் கேன்ல மாசக்கணக்கா சேர்த்து வச்சுக் கொட்டின வண்டி, இதுகள்ல கிளீனர் ஊத்தினா டேங்க் அடியில ஒட்டின பசையும் சேர்ந்து கிளம்பும். நேரா பம்ப் சல்லடையில போய் அடைக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு முதல்ல டேங்கைத் திறந்து பார்க்கிறதுதான் வேலை.

லிந்துலை_லொறி

இன்ஜெக்டரைக் கழட்டியே கழுவலாமே? கொழும்புல மெஷின் வச்சிருக்காங்க.

ஊவா_கராஜ்

கழுவலாம், அதுதான் முழு வைத்தியமும். அல்ட்ராசோனிக் தொட்டியில போட்டு, பிறகு கண்ணாடிக் குழாய்ல ஓடவிட்டு ஒவ்வொண்ணும் எவ்வளவு ஊத்துதுன்னு அளப்பாங்க. மூணு இன்ஜெக்டர்னா மூணும் 5 சதவீதத்துக்குள்ள ஒத்துப் போகணும். கொடுக்கிறதுக்கு முன்னாடி மீற்றரை வச்சு ஓம் பாருங்க: போர்ட் இன்ஜெக்டர் (சிலிண்டருக்கு வெளியே, காத்து வர்ற வழியில தெளிக்கிறது)ன்னா பொதுவா 12 முதல் 16 ஓம். அதுக்கு வெளியே போனதைக் கழுவிப் பலன் இல்ல. திருப்பி மாட்டும்போது ஓ-ரிங், உள்சல்லடை ரெண்டும் புதுசு. பழைய ஓ-ரிங்கைப் போட்டு பெற்றோல் கசிஞ்சு சூடான மெனிஃபோல்ட்ல சொட்டினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

லிந்துலை_லொறி

சரி, தண்ணி விஷயத்துக்கு வருவோம். ஜனவரியில புல்லு மேல உறைபனி விழுது. டேங்க் அரைவாசி இருந்தா ராத்திரி உள்ளே வேர்த்துத் தண்ணி சேரும், எப்பவும் நிறைச்சு வைன்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?

பதுளை_கெமிஸ்ட்ரி

எல்லோரும் சொல்வதால் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்போம். டேங்கில் 40 லீற்றர் வெற்றிடம். 20 பாகை வெப்பநிலையில் முழு ஈரமான காற்று கன மீற்றருக்கு சுமார் 17 கிராம் நீராவி வைத்திருக்கும், 10 பாகையில் சுமார் 9.4 கிராம். வித்தியாசம் 8 கிராம் என்றே வையுங்கள். 40 லீற்றர் என்பது கன மீற்றரில் 25ல் ஒரு பங்கு. ஆக ஓர் இரவுக்கு 0.3 கிராம், ஆறு சொட்டு. அதுவும் டேங்க் தினமும் முழுக் காற்றையும் புதிதாக மாற்றினால்தான். மூடியுள்ள டேங்க் அப்படி மூச்சு விடுவதில்லை.

பெரிய தண்ணீர் வேறு வழியில் வருகிறது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கும். அல்லது மூடி இருக்கும் குழியின் வடிகால் துளை இலை, மண் விழுந்து அடைபட்டுக் குளம் கட்டும், திறந்தவுடன் உள்ளே சரியும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை பெய்யும் மழையில் இது சர்வ சாதாரணம். ஒரு மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்திவிடுங்கள், செலவே இல்லை. மற்றது செட்டின் நிலத்தடித் தாங்கி. பவுசர் இறக்கிக்கொண்டிருக்கும்போதோ இறக்கி முடித்த கையோடோ அடிக்க வேண்டாம். அடியில் படிந்ததெல்லாம் அப்போதுதான் கலங்கி மேலே வரும்.

பெற்றோல் வண்டியில் கொஞ்சம் தண்ணீர் என்றால் ஐசோபுரோப்பைல் அல்ககோல் 40 லீற்றருக்கு 200 மில்லி போதும். தண்ணீரைத் தன்னோடு கரைத்து எரிந்துபோகும். 99 சதவீதம் உள்ளதாக வாங்குங்கள். காயத்துக்குப் பூசும் 70 சதவீதத்தை ஊற்றினால், மிச்சம் 30ம் நீங்களே டேங்கில் ஊற்றிய தண்ணீர். அடியில் அரைக் கோப்பை தண்ணீர் நிற்கிறது என்றால் எந்தப் போத்தலும் காப்பாற்றாது, டேங்கை இறக்கத்தான் வேண்டும்.

டிக்கோயா_2கேடி

டீசலுக்கு அல்ககோல் போடாதீங்க, கொமன் ரெயில் (கேடிஎச் மாதிரி புது டீசல் எஞ்சின்ல வர்ற உயர் அழுத்த முறை) பம்புக்கு ஆகாது. டீசல்ல தண்ணியை வடிச்சுத்தான் எடுக்கணும்.

கேடிஎச் வேன்ல: ராத்திரி முழுக்க நின்ன வண்டியை, ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னாடி. ஃபில்டர் அடியில வடிகால் திருகு இருக்கும், கீழே ஒரு சின்ன குழாயை மாட்டி முனையை வெள்ளைக் கண்ணாடிப் போத்தலுக்குள்ள விடுங்க. திருகை ஒண்ணு, ஒண்ணரைச் சுத்து தளர்த்துங்க. முழுசாக் கழட்டாதீங்க. ஃபில்டர் தலையில இருக்கிற கைபம்பை மெதுவா அமுக்கினா இறங்கும். போத்தல்ல தண்ணி அடியில குமிழ் மாதிரி தனியா உருளும், டீசல் மேல நிக்கும். சுத்தமான டீசல் வந்ததும் கையாலயே இறுக்குங்க, ஸ்பெனர் போட்டா பிளாஸ்டிக் திருகு வெடிக்கும். பிறகு கைபம்ப் கல்லு மாதிரி இறுகுற வரை அமுக்கிட்டு ஸ்டார்ட். மழைக்காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, மத்தபடி மாசத்துக்கு ஒருக்கா. போத்தல்ல கறுப்பா, சளி மாதிரி நூல் நூலா வந்தா அது அழுக்கு இல்ல, தண்ணியும் டீசலும் தொடுற இடத்துல வளர்ற கிருமி. அதுக்கு டேங்க் கழுவணும், கிருமிக்கொல்லி மருந்து போடணும், அதுக்குப் பிறகு ரெண்டு ஃபில்டராவது வேகமா மாத்த வேண்டி வரும். தோட்டத்து ஜெனரேட்டர்கள்ல, மாசக்கணக்கா ஓடாம நிக்கிறதால, இது ரொம்ப.

புது ஃபில்டர் போடும்போது பழக்க தோஷத்துல கேன்ல இருந்து டீசல் ஊத்தி நிரப்புறாங்க. கொமன் ரெயிலுக்கு வேண்டாம். ஊத்துறது ஃபில்டரோட சுத்தமான பக்கத்துக்குள்ள விழும், வடிகட்டாத தூசு நேரா 1,600 பார் அழுத்தம் கொடுக்கிற பம்புக்குள்ள. காலியா மாட்டிட்டு கைபம்பால நிரப்புங்க, கை வலிச்சாலும் பரவாயில்ல.

நானுஓயா_டொல்பின்

பழைய டொல்பின் வேனுக்கு டீசல்ல கொஞ்சம் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஒயில் போட்டா பம்ப் சத்தம் குறையுது, 40 லீற்றருக்கு 200 மில்லி. இன்னும் சிலர் தேங்காயெண்ணெய் போடுறாங்க. அதுவும் எண்ணெய்தானே?

பதுளை_கெமிஸ்ட்ரி

2டி ஒயில்: பழைய ரோட்டரி பம்ப் டீசலாலேயே உராய்வு தணிக்கிறது, அதனால் சத்தம் சற்று மெத்தென்று கேட்கலாம். கெடுதி என்று சொல்லமாட்டேன், தேவை என்றும் சொல்லமாட்டேன். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழுவழுப்பு குறையும் என்பது உண்மை, ஆனால் அதற்கான சேர்மானத்தை விற்பனைக்கு வருமுன்பே கலந்துவிடுவார்கள். புகைக்குழாயில் டிபிஎஃப் (கரி வடிகட்டி) உள்ள புதிய ஜீப்புகளுக்கு 2டி ஒயில் கூடவே கூடாது, அதன் சாம்பல் வடிகட்டிக்குள் நின்றுவிடும்.

தேங்காயெண்ணெய்க்கு உங்கள் வீட்டு அலமாரியே பதில் சொல்லும். காலையில் போத்தலைக் கவிழ்த்தால் விழுகிறதா? 24 பாகைக்குக் கீழே அது உறையும். நானுஓயாவில் நண்பகலிலும் 24 வருவது அபூர்வம். டீசலில் கரைந்திருந்தாலும் குளிர்ந்த இரவில் மெழுகாகப் பிரிந்து ஃபில்டர் காகிதத்தில் அப்பும். விடியற்காலை வண்டி ஸ்டார்ட் ஆகி, நூறு மீற்றர் போய் நின்றுவிடும்.

மண்ணெண்ணெய் கலந்த டீசல் இதைவிட மோசம். மலிவு, புகை கூட வராது, பம்ப் மட்டும் உலர்ந்து தேயும். சந்தேகம் இருந்தால் ஹைட்ரோமீற்றர் போடுங்கள். டீசல் பொதுவாக 0.82 முதல் 0.86, மண்ணெண்ணெய் 0.78 முதல் 0.81 வரை. இந்த அளவுகள் 15 பாகைக்கு உரியவை. கொழும்புக்காரர் திருத்த அட்டவணை தேட வேண்டும், நுவரெலியாக்காரர் காலையில் வெளியே வைத்து அளந்தாலே கிட்டத்தட்ட சரி!

லிந்துலை_லொறி

விடியக் காலையில வெள்ளைப் புகைக்கு சீட்டேன் போத்தல் (டீசலைச் சீக்கிரம் பத்த வைக்கிறது) எப்படி?

டிக்கோயா_2கேடி

முதல்ல குளோ பிளக், குளிர்ல சிலிண்டரைச் சூடாக்குறது. ஒவ்வொண்ணா வயரைக் கழட்டி ஓம் பாருங்க, நல்லது ஒண்ணு ரெண்டு ஓமுக்குள்ள காட்டும், செத்தது ஒண்ணுமே காட்டாது. நாலுல ரெண்டு செத்திருந்தா சீட்டேன் ஊத்தி என்ன பண்ண. எல்லாம் சரியா இருந்தும் புகைஞ்சா சீட்டேன் கொஞ்சம் உதவும், இல்லன்னா சுப்பர் டீசல் அடிச்சுப் பாருங்க.

கேடிஎச்காரங்களுக்கு இன்னொண்ணு. இன்ஜெக்டர் அடியில இருக்கிற கொப்பர் வாஷர் கசிஞ்சா சிலிண்டர்ல எரிஞ்ச வாயு மேல ஏறும். இந்த எஞ்சின்ல இன்ஜெக்டர் டெப்பட் கவருக்குள்ள இருக்கிறதால வெளியே ஒண்ணும் தெரியாது. கரி ஒயில்ல சேர்ந்து தாரா இறுகி, ஒயில் தேங்குற சம்ப்போட சல்லடையை அடைக்கும், ஒயில் பிரெஷர் போகும், எஞ்சினே போகும். ‘இன்ஜெக்டர் சத்தம்’னு டேங்க்ல கிளீனர் ஊத்திக்கிட்டே இருந்தா இதைத் தவறவிடுவீங்க. சத்தம் மாறின வண்டிக்கு முதல்ல ரிட்டேர்ன் (இன்ஜெக்டர் தெளிக்காம டேங்குக்குத் திருப்பி விடுற டீசல்) அளவு பாருங்க: ஒவ்வொரு இன்ஜெக்டர் ரிட்டேர்னுக்கும் தனித்தனி கண்ணாடிக் குழாய், தனித்தனி போத்தல், ஐடில்ல ஒரு நிமிஷம். ஒண்ணு மட்டும் மத்ததைவிட ரெட்டிப்பா வந்தா அதுதான் ஆள். ஹை பிரெஷர் பைப்பை ஓடும்போது தளர்த்துறது பழைய பம்ப் காலத்துப் பழக்கம், இப்ப பீறிடுற டீசல் தோலைக் கிழிச்சு உள்ளே போகும். புது இன்ஜெக்டர் போட்டா மேல எழுதியிருக்கிற கோட் எண்ணை ஸ்கேனர்ல பதியணும்.

ராகலை_மூணுசில்லு

த்ரீவீலுக்கும் கொஞ்சம் சொல்லுங்க. கார்புரேட்டர் வண்டி. கொழும்புல நல்லா ஓடினது, இங்க வந்ததும் பிளக் கறுப்பு. கிளீனர் ஊத்தியும் மாறல.

ஊவா_கராஜ்

மாறாது அண்ணே. இது அழுக்கு இல்ல, உயரம். கார்புரேட்டருக்குக் காத்து மெலிஞ்சது தெரியாது, அது பாட்டுக்கு பெற்றோலை விட்டுக்கிட்டே இருக்கும். நுவரெலியா உயரத்துல கலவை ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதலா இருக்கும். மெயின் ஜெட் (பெற்றோல் வர்ற துளை) ஒரு சைஸ், தேவைப்பட்டா ரெண்டு சைஸ் சின்னது போடுங்க. சூடான எஞ்சின்ல மிக்சர் ஸ்குரூவை ஐடில் எங்க உச்சமா, சீரா வருதோ அங்க நிறுத்துங்க. பிளக் பீங்கான் பால் தேத்தண்ணி கலர்ல வந்தா சரி. பழைய ஜெட்டைப் பத்திரமா வைங்க. திரும்ப கொழும்புக்கு இறங்கினா அதை மாட்டியே ஆகணும், இல்லன்னா கலவை மெலிஞ்சு எஞ்சின் சூடாகும்.

ஹொண்டா வெசல் வச்சிருக்கிறவங்க கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: டிரெக்ட் இன்ஜெக்ஷன்ல பெற்றோல் நேரா சிலிண்டருக்குள்ள போகுது, இன்டேக் வால்வைத் தொடவே தொடாது. அதனால டேங்க்ல ஊத்துற கிளீனர் இன்ஜெக்டர் நுனியைக் கழுவும், வால்வுல ஒட்டின கரியைக் கழுவாது. அதுக்கு மெனிஃபோல்டைக் கழட்டி வால்நட் ஓட்டுத்தூள் அடிக்கிறதுதான்.

டேங்க்ல எப்பவும் கால்வாசி வச்சிருங்க. பெற்றோல் பம்ப் மூழ்கி இருக்கிற பெற்றோலாலதான் ஆறுது. றம்பொடை வளைவுகள்ல கால்வாசிக்குக் கீழ இருந்தா பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காத்தை இழுக்கும், ஏத்தத்துல திக்கித் திக்கி ஓடும். அதை இன்ஜெக்டர் அடைப்புன்னு நினைச்சுப் போத்தல் வாங்கினவங்க நிறையப் பேர்.

கொட்டகலை_விட்ஸ்

ட்ரிம் வாசிப்பு எடுத்தாச்சு. ஐடில்ல +16. 2,500ல +3. ஏத்தத்துல +2. டயர் நாலும் 24 பிஎஸ்ஐ, அதைச் சொல்லவே வெட்கமா இருக்கு.

டிக்கோயா_2கேடி

டயருக்கு கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற அளவுக்குக் காத்து அடிங்க, மைலேஜ் குறைவுல ஒரு பங்கு அதோட தீரும். +16 ஐடில்ல மட்டும்னா இன்ஜெக்டர் இல்ல, காத்து கசிவு. போத்தல் வாங்கியிருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க.

ஐடில்ல ஓடவிட்டு ஒயில் மூடியைக் கழட்டுங்க. எஞ்சின் சத்தத்துல ஒரு மாற்றமும் இல்லன்னா கசிவு ஏற்கனவே பெருசு. டிப்ஸ்டிக் முழுசா உட்கார்ந்திருக்கா, பிரேக் பூஸ்டர் குழாய், பிசிவி குழாய் (எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி விடுறது) எல்லாத்தையும் விரலால மடிச்சு மடிச்சுப் பாருங்க. மேல்பக்கம் நல்லா இருக்கும், வெடிப்பு வளைவுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். குளிர்ல ரப்பர் சுருங்கி வெடிப்பு திறக்கும், சூட்டுல விரிஞ்சு கொஞ்சம் மூடும். காலையில மட்டும் ஆடுறதுக்குக் காரணம் அதுவா இருக்கலாம். சூடான எஞ்சின்ல பெற்றோல், கார்ப் கிளீனர் அடிச்சுத் தேடாதீங்க, தீப்பிடிக்கும்.

கொட்டகலை_விட்ஸ்

பிசிவி குழாய்தான். நீங்க சொன்ன அதே வளைவுக்கு அடியில, மடிச்சா வாய் திறக்குது. கராஜ்ல கார்டன் ஹோஸ் துண்டு போட்டுக் கிளிப் பண்ணலாம்னு சொல்றாங்க.

ஊவா_கராஜ்

வேண்டாம். கார்டன் ஹோஸ் ஒயில் ஆவியில ஊறி இளகிடும், வேக்குவம் இழுக்க வளைவுல தட்டையாகி அடைஞ்சுடும். வளைச்சு வார்த்த ஒரிஜினல் குழாய் எடுங்க. கிடைக்கலன்னா பழசைக் கையில கொண்டு போய் உள்விட்டம் ஒத்து, ஒயில் தாங்குற நைட்ரைல், உள்ளே நூல் பின்னினது வாங்குங்க. கையோட பிசிவி வால்வைக் கழட்டிக் குலுக்குங்க, கடகடன்னு சத்தம் வரணும், வரலன்னா அதையும் மாத்துங்க. மாட்டினதும் ஸ்கேனர்ல பழைய ட்ரிம்மை அழிச்சுட்டு ஒரு 50 கிலோமீற்றர் ஓட்டிட்டு வாசிங்க. ஐடில்ல 5க்குள்ள வந்தா வேலை முடிஞ்சது. வரலன்னா மெனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் பார்ப்போம், எண்ணை இங்க போடுங்க.